சாம்பியன் ரீப்ஸின் அதிரும் தரை

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் உள்ளது சாம்பியன் ரீப்ஸ். அங்குப் பழைய இடங்களைக் காண நடந்து செல்வோர், கைவிடப்பட்ட சுரங்கக் கோபுரங்களையும் சயனைடு மண்மேடுகளையும் காண்பர். ஆளற்ற சுரங்கத்தைச் சுற்றிப் பேய்க்கதைகள் பிறப்பது எங்கும் இயல்பே. ஆயினும், இவ்வூரார் உண்மையில் அஞ்சியது பாறை வெடிப்புக்கே.

பொன்னுக்காக ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம்வரை நிலத்தைக் குடைந்தனர். அவ்வாழத்தில் அழுத்தம் தாங்காத பாறைகள் திடீரெனச் சிதறின. மேலே குடியிருப்புகளும் அதிர்ந்தன. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர் அவ்விருளில் உயிர்நீத்தனர். தரை அதிரும்போதெல்லாம், பணிக்குச் சென்றவர் திரும்புவாரோ என வீட்டார் கலங்கினர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அதில் நீர் நிரம்பியது. அதன் பிறகும் நில அதிர்வுகள் பதிவாயின.