கனவு மேடையேறும்போது

ஆண்டாள் தம் தோழியிடம் ஒரு கனவைச் சொல்கிறார். ஊரெங்கும் அலங்காரம். யானைகள் சூழ மணமகன் வருகிறான். மத்தளமும் சங்கும் முழங்குகின்றன. மணமக்கள் தீயை வலம் வருகிறார்கள். மணமகள் அம்மியில் கால் வைக்கிறாள். மணமகன் திருமால், மணமகள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் ஆறாம் பகுதியில் உள்ள இந்தக் கனவு, வைணவத் திருமணங்களில் இன்றும் பாடப்படுகிறது.

படிப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் போதும், கனவு வந்துவிடும். மேடையில் அதைக் காட்டுவதுதான் கடினம். மணமகனாக ஒருவரை நிறுத்தினால், அது ஒரு சாதாரணக் கல்யாணக் காட்சியாகிவிடும். ஆண்டாளோ, இது தாம் கண்ட கனவு என்று பாட்டுக்குப் பாட்டு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த நினைவூட்டல் காணாமல் போனால், பாட்டின் ஏக்கமும் போய்விடும்.

ஆண்டாள் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர். அவர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். திருப்பாவையில் 30 பாடல்களும் நாச்சியார் திருமொழியில் 143 பாடல்களும் உள்ளன. திருப்பாவையை மேடையேற்றுவது ஓரளவு எளிது. அதில் பெண்கள் விடியற்காலையில் ஒருவரையொருவர் எழுப்புகிறார்கள். பதினைந்தாம் பாடல் முழுவதும், வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே படுத்திருப்பவளுக்கும் நடக்கும் பேச்சுதான். அது பாதி நாடகம்!

ஆழ்வார்களின் பாடல்களை நடித்துக் காட்டும் பழைய மரபு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதன் பெயர் அரையர் சேவை. பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள் காலத்தில் அது தொடங்கியது என்பது மரபு. திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில் இன்றும் நடக்கிறது. அரையர் தலையில் உயரமான கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் வைத்திருப்பார். முதலில் பாசுரத்தைப் பாடுவார், பிறகு அபிநயம் பிடிப்பார், அதன்பின் உரை சொல்வார். ‘முத்துக்குறி’ என்ற பகுதியில், இறைவன்மீது காதல் கொண்டு வாடும் மகள், கவலைப்படும் தாய், முத்துகளைக் கொண்டு குறி சொல்லும் பெண் ஆகிய மூவரையும் ஒரே அரையர் நடித்துக் காட்டுவார். உடை மாற்றம் கிடையாது, திரையும் கிடையாது. குல்லாய் அணிந்த ஓர் ஆண், காதலில் வாடும் பெண்ணாக நம் மனத்தில் மாறிவிடுகிறார். ஒளியும் திரையும் நிறைந்த இன்றைய அரங்குகள் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பரதநாட்டியக் கலைஞரும் தனியாக ஆடும்போது இந்த வழியையே பின்பற்றுகிறார். மணமகன் மேடையில் இல்லை. நடனமணியின் கண்கள் உயர்கின்றன, விரல்கள் கூச்சத்தோடு நீள்கின்றன. அவர் பார்ப்பதைப் பார்த்து, நாம் அவனைக் காண்கிறோம். பலர் ஆடும் நாட்டிய நாடகத்தில் கதை தெளிவாகும். ஆனால், கனவு எளிதில் கலைந்துவிடும். சென்னைக் கலாக்ஷேத்ராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி, ஆண்டாளின் கதையை நாட்டிய நாடகமாக்கினார். அங்குப் பயின்ற நீலா சத்தியலிங்கம், 1977இல் சிங்கப்பூரில் ‘அப்சராஸ் ஆர்ட்ஸ்’ அமைப்பைக் கணவருடன் தொடங்கினார். அந்த மரபு இங்கும் இப்படி வேரூன்றியது.

பாடல்களைக் கேட்க அரங்குக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மார்சிலிங்கில் பெருவிரைவு ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கினால், சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். மார்கழி விடியலில் அங்குத் திருப்பாவை ஒலிக்கும்.

மேடையேற்றுபவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கனவு கலைந்து விழித்ததை ஆண்டாள் பாடவே இல்லை. அடுத்த பகுதியில், திருமாலின் கையிலுள்ள சங்கிடம், அவன் வாயின் மணமும் சுவையும் எப்படி இருக்கும் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். கல்யாண மேளம் நின்றதும் நடனமணி விழித்து அழ வேண்டுமா, அல்லது கனவிலிருந்தபடியே அந்தச் சங்கிடம் பேசத் திரும்ப வேண்டுமா? ஒவ்வொரு கலைஞரும் இதை வேறு விதமாக முடிவு செய்யலாம்.