லாரியின் நெற்றியில் ஒரு பெயர்

ஏரலில் வாழைத்தார் ஏற்றி நிற்கும் சரக்கு வண்டிகளின் முன்கண்ணாடியில் ‘சேர்மன் துணை’ என்ற எழுத்தைக் காணும் வெளியூர்க்காரர், அது யாரோ கட்சிப் பிரமுகர் என்று எண்ணக்கூடும். இவ்வூரின் சேர்மனாக இருந்து 1908இல் இளவயதில் மறைந்து, இன்று தாமிரபரணிக் கரையில் தெய்வமாக வணங்கப்படும் அருணாசல சுவாமியே அந்தச் சேர்மன். அந்த எழுத்துக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள், பக்கப் பலகையில் ஒரு தாமரை, பின்புறம் இரண்டு மயில்கள். இவற்றுக்கு ஆகும் செலவால் வாடகை ஒரு ரூபாய்கூட உயராது. பின் ஏன் செலவிடுகிறார்கள்?

பொருளியல் இக்கேள்வியை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. ஸ்டிக்ளரும் பெக்கரும் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மனிதரின் அடிப்படை ரசனைகள் பெரிதும் மாறாதவை, வேறுபாடுகளை விலையையும் வருமானத்தையும் கொண்டே விளக்கிவிடலாம் என்றது. அதற்கு முன்பே, 1899இல், வெப்லன் பிறர் காணச் செய்யும் ஆடம்பரச் செலவைப் பற்றி எழுதினார். வகுப்பறையில் இரண்டையும் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். லாரிக்காரரிடம் இரண்டும் அரைகுறையாகவே பொருந்துகின்றன. அவர் ஓய்வு வர்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். கடனில் வண்டி வாங்கியவர். தவணை முடியும்வரை பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். வண்டியின் நெற்றியில் மட்டும்தான் அவர் விரும்பும் பெயர்.

நாமக்கல்லையும் கரூரையும் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரிக்கு நாமக்கல், பேருந்துக்குக் கரூர் என்று ‘பாடி கட்டும்’ தொழில் அங்கே வேரூன்றியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து என்ஜினும் சக்கரங்களும் மட்டும் கொண்ட வெற்றுச் சேசிஸ் வரும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மழை வெயில் மறைக்க எதுவுமின்றி, அதை நெடுஞ்சாலையில் ஓட்டிச்செல்லும் ஓட்டுநரைப் பலரும் பார்த்திருப்போம். பட்டறையில் தச்சரும் தகர வேலைக்காரரும் பற்றவைப்பவரும் இருக்கைத் தையல்காரரும் பெயின்டரும் அதன்மீது வரிசையாகக் கை வைக்கிறார்கள். உரிமையாளர் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிக் கட்டுகிறார்: கேபினில் ஓட்டுநர் படுக்க எவ்வளவு இடம், நெற்றிப்பலகை எவ்வளவு உயரம், எந்தச் சிவப்பு. பணக்காரர் தம் காருக்குச் செய்துகொள்ளும் அலங்காரத்தைவிட இது ஆழமானது என்பேன். ஏனெனில் வீடு கட்டுவதைப் போல, பயன்பாடும் ரசனையும் இங்கே ஒரே ஆசாரியின் கையில் முடிவாகின்றன. நன்கு பராமரிக்கப்பட்ட வண்டி சரக்குக்காரரின் நம்பிக்கையைப் பெறும், நல்ல ஓட்டுநரைத் தக்கவைக்கும் என்ற கணக்கும் இதில் உண்டு. அந்தக் கணக்கு மயில்களை மட்டும் விளக்காது.

சட்டம் இதை வேறு கண்ணோடு பார்க்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றது. முன்பக்க இரும்புத் தடுப்புகளை 2017 இறுதியில் மத்திய அரசு தடைசெய்தது. மோதலில் பாதசாரிக்கும் பயணிக்கும் அவை இழைக்கும் கேட்டைக் கருதினால் அத்தடையில் குறை காண இயலாது.

கேரளத்தில் நடந்ததோ சற்றுக் குழப்பமானது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து மோதி மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதன்பின் மாநிலம் சுற்றுலாப் பேருந்துகளுக்கு ஒரே வெள்ளை நிறம் என்ற விதியைக் கடுமையாக்கியது. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளை அகற்றியது சரி. எதிரே வருபவரின் பார்வையைப் பறிப்பது அவருக்கு இழைக்கும் தீங்கு. பொருளியலில் அதைப் புறவிளைவு என்போம். ஆனால் பேருந்தின் பக்கவாட்டில் வரைந்த ஓவியம் யாரை இடித்தது? வேகக் கருவியைச் சோதிக்க ஆய்வாளர் வேண்டும், கருவிகள் வேண்டும், தொடர்ச்சி வேண்டும். நிறத்தைச் சாலையோரம் நின்றே சோதித்துவிடலாம். எளிதில் கண்ணில் படுவதை ஒழுங்குபடுத்தும் நிர்வாகப் பழக்கமே இங்கு வேலை செய்தது என்று ஐயுறுகிறேன்.

2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் என்ஜின் சூட்டின் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது நெடுநாள் கடன், வரவேற்கிறேன். ஆனால் முழுக் கேபினோடு தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் பக்கம் சந்தையை இது இன்னும் சாய்க்கும் என்பது என் கணிப்பு. பாடி கட்டுவதற்கான தேசியத் தரவிதிகளின்படி சோதனைச் சான்று பெறுவது பெரிய நிறுவனத்துக்குச் சிறு செலவு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதுவே பெருஞ்சுமை. பட்டறைகள் ஒன்றுகூடிப் பொது வடிவங்களுக்குச் சான்று பெறவும், அந்தச் செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்கவும் வழி காணலாம். உறுதிக்கும் பாதுகாப்புக்கும் உரிய அளவுகளைச் சான்றிதழ் வரையறுக்கட்டும். நெற்றிப்பலகையில் சேர்மன் பெயரா மகள் பெயரா என்பதை வண்டிக்காரரும் பெயின்டரும் பேசி முடித்துக்கொள்வார்கள்.