ஊடகங்களும் மக்களின் சிந்தனையும்: 1938ஆம் ஆண்டு வானொலி நாடகம் தரும் விளக்கம்

மாணவர்களே, ‘ஊடகங்கள் மக்களின் சிந்தனையில் செல்வாக்குச் செலுத்தும் விதத்தை உதாரணத்துடன் விளக்குக’ என்ற வகையிலான வினாவைக் கண்டதும் உங்களிற் பலர் எழுதும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வருவதாக ஒரு நாடகம் ஒலிபரப்பப்பட்டது, அதை உண்மையென நம்பி நாடே வீதிக்கு ஓடியது என்பதே அது. உதாரணம் நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதும் விதத்தில் பாதி பிழை. அந்தப் பாதியைத் திருத்திக்கொண்டால் இவ்விடயம் முழுவதும் தெளிவாகிவிடும்.

முதலில் நடந்ததை நோக்குவோம். 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. சீ.பி.எஸ். வானொலியில் ஓர்சன் வெல்ஸ் என்னும் 23 வயது இளைஞரின் குழுவினர் ஒரு நாடகத்தை வழங்கினர். எச்.ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கிலேய எழுத்தாளரின் நாவலைத் தழுவியது அது. (பெயர் ஒன்றுபோல இருப்பதால் இருவரையும் ஒருவராக்கி எழுதிவிடாதீர்கள்.) நாடகத்தின் முற்பகுதி செய்தி அறிவிப்பு வடிவில் அமைக்கப்பட்டிருந்தது. இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும். திடீரென அதை இடைநிறுத்தி, நியூ ஜேர்சி மாநிலத்தில் ஏதோ ஒரு பொருள் வந்து வீழ்ந்திருப்பதாக அறிவிப்பு வரும். இது நாடகம் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது, நடுவிலும் சொல்லப்பட்டது.

அப்படியிருந்தும் சிலர் ஏன் நம்பினார்கள்? விடை அக்கால மக்களின் கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்புதான், 1938 செப்டெம்பரில், ஐரோப்பாவில் மியூனிக் நெருக்கடி ஏற்பட்டிருந்தது. யுத்தம் மூளுமா, மூளாதா என்ற பதற்றத்தோடு மக்கள் வானொலியருகே காத்திருந்தனர். நிகழ்ச்சிகளை இடையில் நிறுத்தி அவசரச் செய்தி சொல்வது அந்நாட்களில் வழமையாகியிருந்தது. ஆகவே ‘இசை நின்றால் ஆபத்தான செய்தி’ என்பது காதுக்குப் பழகிப்போயிருந்தது. இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் மிகவும் பிரபலமான நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. அதில் பாட்டு வந்ததும் சிலர் நிலையத்தை மாற்றினர். அவர்கள் நாடகத்தின் தொடக்கத்தைக் கேட்காதவர்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்ததும் நாம் அலைவரிசை மாற்றுவதில்லையா? அதே கதைதான்.

பயந்தவர்களுள் ஒரு பகுதியினர் செவ்வாய்க் கிரகவாசிகளை நினைத்துப் பயப்படவில்லை. ஜேர்மனியர்கள் தாக்குகிறார்கள் என்றே விளங்கிக்கொண்டனர். வானொலி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனதில் ஏற்கெனவே இருந்த அச்சம் காதில் விழுந்ததைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பிழையான பாதிக்கு வருவோம். நாடே ஓடியதாகச் சொன்னது யார்? மறுநாட் பத்திரிகைகள். அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து நடத்தப்பட்ட கணிப்பில், நூற்றுக்கு 2 பேரே இந்நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. மிகப் பெரும்பாலானோர் கேட்கவேயில்லை. அப்படியாயின் பத்திரிகைகள் ஏன் அவ்வளவு பெரிதாக எழுதின? 1930களின் பொருளாதார மந்த காலத்தில் பத்திரிகைகளுக்கு வரவேண்டிய விளம்பரங்களை வானொலி இழுத்துக்கொண்டிருந்தது. ‘வானொலி பொறுப்பற்றது’ என்று காட்ட நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது என்றே பிற்கால ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

1940இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்லி கான்ட்ரில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுமார் 60 இலட்சம் பேர் கேட்டனர், அவர்களில் 12 இலட்சம் பேரளவில் கலக்கமடைந்தனர் என்பது அவரது மதிப்பீடு. இத்தொகை மிகையானது என்பது பிற்காலத்தவர் கருத்து. இருந்தாலும் அவரது ஒரு கண்டுபிடிப்பு நமக்கு முக்கியமானது. கேட்டவர் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சிலர் வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தனர்; அங்கே வழமையான நிகழ்ச்சி. சிலர் பத்திரிகையில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தனர். அதில் நாடகத்தின் பெயர் இருந்தது. சரிபார்த்தவர்களுக்குப் பயம் நீங்கியது. ஆகவே ஊடகம் ஊசிமருந்து போல எல்லோர் உடலிலும் ஒரேவிதமாக ஏறிவிடும் என்ற பழைய கோட்பாட்டுக்கு இச்சம்பவத்தை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

நம் நாட்டில் நடந்ததையும் சேர்த்தெழுதலாம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கறியில் ஒரு கட்டியைக் கண்டார். அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மருந்து என்ற கதை கிளம்பியது. காணொளி முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அதற்கிடையில், மார்ச் மாதத்தில், திகனையிலும் கண்டி மாவட்டத்தின் வேறு இடங்களிலும் வன்முறை வெடித்து வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிறப்பித்துச் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. இதில் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

ஒரு மாக்கட்டி எப்படி மருந்தாகியது? அந்தச் சந்தேகம் பல ஆண்டுகளாகக் கூட்டங்களிலும் வாய்ப்பேச்சிலும் விதைக்கப்பட்டிருந்தது. காணொளி அதற்குத் தண்ணீர் ஊற்றியது. உணவிற் கலந்து மனிதரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை என வைத்தியர்கள் சொன்னார்கள். அச்செய்தி காணொளியின் வேகத்தில் ஓடவில்லை. 1938இல் நிலையத்தை மாற்றிச் சரிபார்க்கலாம். இங்கே கையிலுள்ள தொலைபேசியில் வந்த பத்துச் செய்திகளும் ஒரே காணொளியின் பிரதிகள். பத்துப் பேர் சொல்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் சொன்னவர் ஒருவரே.

விடை எழுதும்போது சம்பவத்தை மட்டும் கதையாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். கேட்டவரின் பழக்கம் என்ன, அவர் மனதில் முன்பிருந்த எண்ணம் என்ன, செய்தியைப் பெரிதாக்கியவருக்குக் கிடைத்த இலாபம் என்ன என்று மூன்றையும் காட்டுங்கள்.

பயிற்சி: கடந்த வாரம் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசிவழி வந்து, பிறகு பொய்யென்று தெரிந்த செய்தி ஒன்றைத் தெரிவுசெய்க. அதை வீட்டில் முதலில் நம்பியவர் யார், ஏன் நம்பினார் என்பதை 150 சொற்களில் எழுதுக.