மருந்து தின்றவருக்கு ஒரு நாற்காலி

மணிமுத்தாறு நிறுத்தத்தில் காலைப் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். யாராவது ஒரு அக்காவின் மஞ்சப்பைக்குள் எக்ஸ்ரே உறை எட்டிப் பார்க்கும். அம்பாசமுத்திரத்தில் முடியாத வைத்தியம் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். போகவர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அன்றைக்குப் பீடித் தட்டு மடிக்கு வராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, ஆஸ்பத்திரி நாள் கூலியில்லாத நாள். நோயாளியின் குறிப்பேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல் என்று தாமிரபரணிப் பக்கத்து ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றும் பெண்கள் உண்டு. இருமல் வந்தால் முதலில் புகையிலைத் தூளின் மேல்தான் பழி விழும். தூள் இருமல்தானே என்று நாளைத் தள்ளுவார்கள். சளிப் பரிசோதனைக்குப் போனது தெரிந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் நின்றுபோகுமோ என்ற பயம் வேறு. இதையெல்லாம் நுரையீரல் நிபுணருக்கு யார் சொல்வது? அதே திண்ணையில் இருமி, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, எழுந்து வந்த ஒருத்திதான் சொல்லமுடியும்.

சொல்வதற்கு இப்போது இடம் இருக்கிறது. காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் தேசம், மாநிலம், மாவட்டம் என மூன்று நிலைகளிலும் மன்றங்கள் அமைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. மாவட்ட மன்றத்துக்கு ஆட்சியர் தலைவர். குணமடைந்தவர்களும் அதில் உறுப்பினர்கள். பயிற்சி பெற்று மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்பவர்களைக் காசநோய் சாம்பியன்கள் என்கிறார்கள்.

இந்தப் பாதையை முதலில் வெட்டியவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள். வெளியே முகம் காட்டவே அஞ்சிய காலத்தில், 1998-இல் சென்னையில் கௌசல்யாவும் தோழிகளும் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்தது 2004 ஏப்ரலில்தான்.

காசநோயில் என்னை மிகவும் அசைத்தது நந்திதா வெங்கடேசனின் போராட்டம். மும்பைப் பத்திரிகையாளர், பரதம் ஆடுகிறவர். சிகிச்சைக்குப் போட்ட ஊசி மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தார். தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவுக்கும் அதே கதிதான். ஊசியின் இடத்தைப் பிடிக்க பெடாகுவிலின் என்ற மாத்திரை வந்தது, விலைதான் எட்டவில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதன் காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க விண்ணப்பித்தபோது, 2019-இல் இவர்கள் இருவரும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்மனு போட்டார்கள். 2023 மார்ச் 23 அன்று நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த ஊசி காதைப் பறிக்கக்கூடும் என்று மருத்துவ நூல்களில் முன்பே எழுதியிருந்தது. அந்த வரிக்கு ஒரு முகம் வந்தது இவர்களால்தான்.

அவ்வளவு பெரிய வழக்கு எல்லா ஊரிலும் தேவைப்படாது. மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயான ஊட்டச்சத்து உதவித்தொகை, வங்கிக் கணக்கில் ஏறாத மாதத்தில் வீட்டில் முட்டை வாங்கினார்களா என்பதைக் கேட்கவேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக் குமட்டியதால் பாதியில் நிறுத்தியவர் யார் என்பதும் தெரியவேண்டும். கணினித் திரை இவர்களை ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று மட்டும் காட்டும். பக்கத்து வீட்டுச் சாம்பியனுக்குக் காரணம் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். தொண்டு என்றால் சும்மா வரவேண்டும் என்று நினைக்கிறோம். கூட்டத்துக்கு வரும் டாக்டருக்கு அன்றைய சம்பளம் உண்டு, அதிகாரிக்கும் உண்டு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் பத்து மணிக்குக் கூட்டம் என்றால், மணிமுத்தாற்றுப் பெண் ஏழு மணிக்கெல்லாம் பேருந்து பிடிக்கவேண்டும். பஸ் காசும் அன்றைய ஆயிரம் பீடிக்கான கூலியும் அவர் கைக்கு வரட்டும். கூட்டத்தில் முதலில் பேசும் முறையும் அவருடையதாக இருக்கட்டும். மூன்றரை மணி வண்டியை விட்டால், இருட்டுவதற்குள் வீடு சேரமுடியாது அவரால்.