மனநல மருத்துவர் முதலில் ஒரு மருத்துவர்

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியிலுள்ள சன்னிவேலில் மனநலச் சேவைக்கு வழிகள் பல இருந்தாலும், யாரை எதற்காக நாடுவது என்ற தெளிவின்மை பல குடும்பங்களைத் தயங்க வைக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்று எம்.டி. அல்லது டி.ஓ. பட்டம் பெற்றபின், ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் மேலும் நான்கு ஆண்டுகளை மனநலத் துறையில் கழித்தவர். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையிலும் உளவியல் சோதனைகளிலும் உயர்பயிற்சி பெற்றவர் என்றாலும், கலிஃபோர்னியச் சட்டப்படி மருந்து எழுதித்தர அவருக்கு அதிகாரமில்லை. குடும்ப ஆலோசகர்களுக்கும் மருத்துவச் சமூகப் பணியாளர்களுக்கும் இதே வரம்பு பொருந்தும்.

இந்த மருத்துவப் பயிற்சி எதற்குத் தேவை என்பது முதல் சந்திப்பிலேயே புலப்படும். நெஞ்சுப் படபடப்பு, தீராத களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை என்று உடலின் மொழியில் துயரைச் சொல்வது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம்; மனநல மருத்துவர் அதைத் திசைமாறிய பேச்சாகக் கருதாமல் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார். தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வைப் போன்ற நிலையும், மிகுந்தால் பதற்றத்தைப் போன்ற நிலையும் தோன்றக்கூடும். மரக்கறி உணவு மட்டும் உண்போரிடம் ஏற்படக்கூடிய பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு சோர்வையும் மறதியையும் தரக்கூடும். ஆகவே அவர் இரத்தப் பரிசோதனை கேட்பதும், குடும்ப நோய் வரலாற்றை விசாரிப்பதும் நோயறிதலின் பகுதிகளே ஆகும். இதனுடன், 2001-இல் வெளியான பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள், கடந்த இரண்டு வாரங்களின் மனநிலையை ஒன்பது கேள்விகளால் அளந்து 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்று பொருளே தவிர, நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல.

மருந்து தேவைப்படும்போதும் உடலின் இயல்பே அளவைத் தீர்மானிக்கிறது. மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் மருந்துகள், நரம்பணுக்கள் செரடோனினை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கின்றன. ஆயினும் நரம்பணுக்களின் இணைப்புகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ள நாளாவதால், பயன் தெரிய பல வாரங்கள் பிடிக்கின்றன என்று கருதப்படுகிறது. கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி பிறவியிலேயே மந்தமாக இயங்குவோரின் உடலில் சிட்டலோப்ராம் போன்ற மருந்து கூடுதலாகத் தேங்குவதால், அவர்களுக்கு அதன் உச்ச அளவு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வரையறுத்துள்ளது. ஊரிலிருந்து கொண்டுவந்த அமுக்கராச் சூரணத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுவது அவசியம். அது தைராய்டு சுரப்பைக் கூட்டவும், தூக்க மருந்தின் விளைவை மிகுவிக்கவும் கூடும்.

அருகிலுள்ள மனநல மருத்துவரைக் கண்டடைய, குடும்ப மருத்துவரிடம் பரிந்துரை கேட்பதும், காப்பீட்டு அட்டையிலுள்ள எண்ணை அழைப்பதும் முதற்படிகள். மவுண்டன் வியூவில் எல் கமினோ மருத்துவமனையும், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டும், உறுப்பினர்களுக்கெனச் சாண்டா கிளாராவில் கைசர் பெர்மனென்டேயும் மனநலப் பிரிவுகளை நடத்துகின்றன. குறைந்த வருமானத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடி-கால் பெறுவோர் கவுண்டியின் நடத்தைநலச் சேவைத் துறையை அணுகலாம். தேர்ந்தெடுத்தவரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைக் கலிஃபோர்னிய மருத்துவ வாரியத்தின் (டி.ஓ. பட்டம் பெற்றவரெனில் ஆஸ்டியோபதி மருத்துவ வாரியத்தின்) இணையதளத்தில் எவரும் சரிபார்க்க முடியும். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே உரிமம் பெற்றவரே காணொளியிலும் சிகிச்சை தர வேண்டும் என்பதால், சென்னையிலுள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது இங்குள்ள தொடர் கண்காணிப்புக்கு ஈடாகாது.

காத்திருக்கும் காலத்துக்கும் வரம்பு உண்டு. மாநிலத்தின் மேற்பார்வைக்கு உட்பட்ட காப்பீட்டுத் திட்டங்கள், அவசரமற்ற நிலையில் மனநல மருத்துவரை 15 வேலை நாட்களுக்குள்ளும், உளவியலாளரை 10 வேலை நாட்களுக்குள்ளும் சந்திக்க வகைசெய்ய வேண்டும். இயலாவிட்டால், 2021 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, திட்டத்துக்கு வெளியே உள்ளவரை அதே கட்டணப் பங்கில் ஏற்பாடு செய்வது அவற்றின் கடமை. ஆனால் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கும் திட்டங்களை நடத்துகின்றன; அத்திட்டங்கள் இந்த மாநில விதிகளுக்குப் பதிலாகக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தமது திட்டம் எவ்வகையைச் சேர்ந்தது என்று முன்னதாகவே கேட்டறிவது நல்லது.

ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச இயலாத பெற்றோருக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கோரும் உரிமை உண்டு. பெற்ற மகள் மொழிபெயர்க்கும்போது தாய் சொல்லத் தயங்குவதும், மகள் மென்மையாக்கிச் சொல்வதும் இயல்பாதலால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரே சிறந்தவர். சிகிச்சைக் குறிப்புகளை நோயாளியின் ஒப்புதலின்றி அவரது மேலாளரிடம் மருத்துவர் அளிக்க இயலாது என்பதால், வேலையை எண்ணி அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தற்கொலை எண்ணம் எழுந்தால் எந்தச் சந்திப்புக்கும் காத்திராமல், 2022 ஜூலையில் நாடெங்கும் தொடங்கிய 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 911-ஐ அழைக்க வேண்டும். மற்ற நிலைகளில், தூக்கமும் பசியும் வேலையில் நாட்டமும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால், அறிகுறிகளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு குடும்ப மருத்துவரைச் சந்திப்பதே போதுமான தொடக்கம். காரணம் உடலா மனமா என்று தாமே முடிவுசெய்துகொண்டு செல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அதைப் பிரித்தறியவே மனநல மருத்துவர் அத்தனை ஆண்டுகள் பயின்றிருக்கிறார்.