மலை ரோடும் கார் இன்சூரன்சும்

ஒரு காலத்தில் தோட்டத்திலே கார் என்றால் துரை பங்களாவில்தான் நிற்கும். இன்று நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. பழைய கார்தான், ஆனாலும் நாம் உழைத்து வாங்கியது. அதற்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மட்டும், "எது மலிவோ அதைப் போடுங்க" என்று ஏஜண்டிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கேமரன் மலையில் இருக்கும் நாம் அப்படிச் சொல்லலாமா?

முன்பு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான். இஞ்சின் அளவையும் காரின் மதிப்பையும் பார்த்துப் பணம் கேட்பார்கள். 2017 ஜூலை முதல் முழு இன்சூரன்சுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. காரின் வயது, ஓட்டுகிறவர், கார் இருக்கும் ஊர் இவற்றையும் கம்பெனிகள் கணக்கில் எடுக்கலாம். ஆகவே ஒரே காருக்கு இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்பது நல்லது.

நம் ஊரின் நிலைமை நமக்குத் தெரியாததல்ல. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை வளைவுக்கு மேல் வளைவு. மழை, பனிமூட்டம், காய்கறி லாரிகள், பள்ளி விடுமுறையில் வந்து குவியும் கார்கள். அதோடு மண்சரிவு. 2013 அக்டோபர் 23 விடியுமுன் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் வேலியில் வெள்ளம் புகுந்ததை யார் மறக்க முடியும்? உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் நாசமாயின.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறோம். முழு இன்சூரன்ஸ் என்ற பேரைக் கேட்டதும் எல்லாம் அதில் அடக்கம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை! வெள்ளம், மண்சரிவு போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டி, அதைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். மேட்டு மண் சரிந்து கார்மேல் விழுந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்றால் நாம் இடித்த மற்றவருக்குத்தான் நஷ்டஈடு; நம் காருக்கு ஒரு காசு கிடைக்காது.

அடுத்தது, கிளேம் செய்யாதவர்களுக்குக் கொடுக்கும் கழிவு. காருக்கு முதல் வருஷம் 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை உயரும். 1,000 வெள்ளிக் கட்டணம் 450 வெள்ளிக்கு இறங்கிவிடும். நம் தப்பில் எங்கேயோ உரசிய சின்னக் கோட்டுக்கு கிளேம் போட்டால் அந்தக் கழிவு முழுவதும் போய், மறுபடி 1,000 வெள்ளி! பழுது பார்க்கும் செலவையும் கழிவையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மலை ரோட்டில் கல் தெறித்து முன் கண்ணாடி உடைவது உண்டு. அதற்குத் தனியாக இன்சூரன்ஸ் சேர்த்திருந்தால் கிளேம் செய்தாலும் கழிவு குறையாது.

காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். நஷ்டஈடும் அதற்கேற்பக் குறைந்துவிடும். பிள்ளைகள் ஓட்டுவதானால் அவர்கள் பேரைப் பாலிசியில் எழுதுங்கள். கார் நடுவழியில் நின்றால் எவ்வளவு தூரம் இழுத்து வருவார்கள் என்பதையும் கேளுங்கள். மலையிலிருந்து தாப்பா பட்டறைக்கு இழுத்துப்போவது சின்னச் செலவல்ல.

அடுத்த தடவை ஏஜண்டிடம் போகும்போது, "எது மலிவு?" என்று கேட்பதற்கு முன், "மண் சரிந்தால் பணம் கிடைக்குமா?" என்று கேட்போம். பதிலை வாய்ச்சொல்லாக விடாமல், பாலிசியில் காட்டச் சொல்வோம்.