நம் குளமும் ஓர் எடுத்துக்காட்டு



நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை புத்தக அலமாரிகள். கணினித் துறையிலும் நூலகங்கள் உண்டு. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான நிரல்களை எழுதித் தொகுத்து வைத்தால் அது நிரல் நூலகம். அந்நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிட்டால் அது திறமூல நூலகம் ஆகிறது. ஊர், சாலை, குளம், எல்லை போன்ற இடம் சார்ந்த தரவுகளைக் கையாள, பைத்தான் மொழியில் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜியோபாண்டாஸ் இவ்வகையைச் சேர்ந்தது.

இத்தகைய நூலகத்திற்கு உதவ வேண்டுமானால் பெரிய நிரலாளராக இருக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஓர் எடுத்துக்காட்டுக் குறிப்பேடு எழுதித் தருவதும் நல்ல தொண்டே. நம் ஆய்வுக்கூட ரெக்கார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, முடிவு என்று எழுதுகிறோம் அல்லவா? ஜூப்பிட்டர் குறிப்பேடும் அதைப் போன்றதே. விளக்கம், நிரல், விடை, படம் ஆகிய நான்கும் ஒரே ஏட்டில் இருக்கும். படிப்பவர் அதே நிரலைத் தம் கணினியில் மீண்டும் இயக்கிப் பார்க்கலாம் என்பதே இதன் சிறப்பு.

ஜியோபாண்டாஸுடன் பல ஆண்டுகள் சேர்த்து வழங்கப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளைக் காட்டும் வரைபடம். 2024-இல் வந்த 1.0 பதிப்பில் அது நூலகத்திலிருந்து நீக்கப்பட்டு, தனித் தொகுப்புக்கு மாற்றப்பட்டது. அந்த வரைபடத்தின் அளவைகள் அடிக்கணக்கில் உள்ளன. எனவே பரப்பைக் கேட்டவுடன் சதுர அடியில் விடை கிடைத்துவிடும். நம் ஊர்த் தரவோ அப்படிக் கிடைப்பதில்லை. அதனால்தான் சங்கரன்கோவில் வட்டாரக் குளங்களை வைத்து ஒரு குறிப்பேடு தயாரித்தேன்.

பொதுமக்களே வரைந்து வளர்க்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு குளத்தின் கரை, அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளாகவே கிடைக்கும். பாகை என்பது கோணம், நீளம் அன்று. பத்து ஹெக்டேர் குளத்தின் பரப்பை அப்படியே கேட்டால் ஏறத்தாழ 0.000008 என்று விடை வரும். நூலகமும் இவ்விடை தவறாக இருக்கலாம் என எச்சரிக்கும். ஆகவே பாகைகளை முதலில் மீட்டராக மாற்ற வேண்டும்.

அதற்கு உலகை ஆறு பாகை அகலமுள்ள 60 வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறை உதவுகிறது. 78 பாகைத் தீர்க்கரேகை 43, 44-ஆம் வலயங்களின் எல்லைக்கோடு. நம் ஊர் ஏறத்தாழ 77.5 பாகையில் இருப்பதால் 43-ஆம் வலயத்தில் அடங்கும். தூத்துக்குடியும் சென்னையும் 44-இல் உள்ளன. சென்னைக்கான நிரலைப் பார்த்து அப்படியே எழுதினால் என்ன ஆகும்? சரியான வலயத்தில் நம் ஊரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மிகையாகும். அடுத்த வலயத்தைக் கொண்டால் அது 1.4 மீட்டர் அளவுக்கு உயரும். குளத்தின் கரை எது, பட்டா நிலம் எது என்ற வழக்கு எழும் இடத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தென்காசி மாவட்டம் 2019-இல் உருவானது. அதற்கு முந்திய எல்லைக் கோப்புகளில் நம் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கும். எனவே தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பேட்டின் தொடக்கத்திலேயே எழுதுதல் நலம்.

இனி, அனுப்பும் முறை. இத்தகைய குறிப்பேடு தேவையா என்று நூலகத்தைப் பராமரிப்போரிடம் முதலில் கேட்க வேண்டும். கிட்ஹப் தளத்தில் நூலகத்தின் நகல் ஒன்றை எடுத்து, நம் ஏட்டை அதில் சேர்த்து, ஏற்றுக்கொள்ளுமாறு விண்ணப்பிக்க வேண்டும். இதனைப் புல் ரிக்வெஸ்ட் என்பர். தரவு சிறியதாக இருக்க வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய நன்றியறிவிப்பு இருக்க வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடையின்றி இயங்க வேண்டும். பராமரிப்போர் எல்லோரும் காணுமாறு குறைகளைச் சுட்டிக்காட்டுவர். அது தேர்வுத்தாளில் விழும் சிவப்பு மை அன்று. உடன் உழைப்பவரின் உதவி என்றே கொள்ள வேண்டும்.

ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். மறுக்கப்பட்டாலும் அந்த ஏடு நம் கல்லூரியின் அடுத்த அணி மாணவர்களுக்குப் பாடமாக நிற்கும். நியூயார்க்கின் தெருக்களைக் கொண்டு கணக்குக் கற்ற நாம், நம் ஊர்க் குளத்தைக் கொண்டு உலகுக்குக் கணக்குக் கற்பிக்கவும் முடியும். விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய் வரைபடத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் முதற்கோட்டை நீங்களே வரையுங்கள்.